சிடிஎஸ்/ஐசிஸ்: கோப்பமைப்பை ஒளிக்காத தரவுத்தளம்

சிடிஎஸ்/ஐசிஸ் என்பது நூல்விவரப் பதிவுகளைச் சேமிக்கவும் தேடவும் யுனெஸ்கோ உருவாக்கி வழங்கிய தரவுத்தள மென்பொருள். நூலகத் துறைக்கு வெளியே இதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் கணினி நுழைந்ததே இதன் வழியாகத்தான். இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு உரிமம் இலவசம். ஆனால் மூலநிரல் தரப்படவில்லை. அதே சமயம், தரவு வட்டில் எப்படி எழுதப்படுகிறது என்ற விவரத்தை யுனெஸ்கோ கையேட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்தது. இந்த மென்பொருளின் வரலாற்றில் மூலநிரல் கிடைக்காமல் போனதைவிட இந்தச் சில பக்கங்கள் கிடைத்ததே பெரிய செய்தி.

தோற்றம்

ஐசிஸ் முதலில் 1960களின் பிற்பகுதியில் ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில், பெருங்கணினிக்காக எழுதப்பட்டது. கனடாவின் ஐடிஆர்சி நிறுவனம் அதிலிருந்து மினிசிஸ் என்ற கிளையை வளர்த்தது. யுனெஸ்கோ தன் சிடிஎஸ் என்ற ஆவணக் கணினி முறையுடன் ஐசிஸை இணைத்தது. 1985இல் ஜியாம்பாவ்லோ டெல் பிஜியோ பாஸ்கல் மொழியில் எழுதிய தனிக்கணினிப் பதிப்பு வந்தபின்தான் இது பரவலானது. வின்டோஸ் பதிப்பான வின்ஐசிஸ் 1990களில் வந்தது. இந்தியாவில் நிஸாட் என்ற அரசுத் தகவல் அமைப்பு இதை விநியோகித்து, பயிற்சியும் அளித்தது. பாதுகாப்புத் துறையின் ஆவண மையமான டெசிடாக் இதன்மேல் ‘சஞ்சய்’ என்ற நூலக மென்பொருளை உருவாக்கியது.

கோப்பமைப்பு

ஒரு நூலுக்கு ஓர் ஆசிரியர் இருக்கலாம், ஐவரும் இருக்கலாம். தலைப்பு இரண்டு சொல்லாகவோ இரண்டு வரியாகவோ இருக்கும். அதனால் புலத்தின் நீளத்தை முன்கூட்டி வரையறுக்காமல், ஒரே புலம் திரும்பத் திரும்ப வர இடம்விட்டு ஐசிஸ் வடிவமைக்கப்பட்டது. பதிவுகள் எம்எஸ்டி கோப்பில் இருக்கும். எந்தப் பதிவு எங்கே என்பதை எக்ஸ்ஆர்எஃப் கோப்பு சொல்லும். தேடல் சொற்களுக்கு வேறு ஆறு கோப்புகள்.

எக்ஸ்ஆர்எஃப் 512 பைட் தொகுதிகளாக எழுதப்படுகிறது. முதல் 4 பைட் தொகுதியின் எண். மீதி 508 பைட்டில் 4 பைட் வீதம் 127 சுட்டிகள். 1000ஆம் பதிவு வேண்டுமென்றால், முதல் ஏழு தொகுதிகளில் 889 பதிவுகள் முடிந்துவிடும். எட்டாம் தொகுதியின் 111ஆவது சுட்டியைப் பார்க்க வேண்டும். அந்தச் சுட்டியில் உள்ள எண்ணை 2048ஆல் வகுத்தால் ஈவு எம்எஸ்டி கோப்பின் தொகுதி எண். மீதியில் பதிவு தொடங்கும் இடமும், புதிதாகச் சேர்ந்தது, திருத்தப்பட்டது, இன்னும் தேடல் கோப்பில் ஏறவில்லை என்பன போன்ற குறிப்பும் அடங்கும். சுட்டி எதிர்மறை எண்ணாக இருந்தால் பதிவு நீக்கப்பட்டது என்று பொருள். ஆனால் கோப்பு மறுசீரமைக்கப்படும் வரை அந்தப் பதிவு எம்எஸ்டியில் அப்படியே கிடக்கும். தவறுதலாக அழித்தவருக்கு இது தெரிந்திருப்பது எவ்வளவு உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. எம்எஸ்டி ஏன் ஏறத்தாழ 500 மெகாபைட்டுக்கு மேல் வளராது என்பதையும் இந்த வகுத்தல் கணக்கிலிருந்தே பயனர் கண்டுகொள்ளலாம்.

இந்த விவரம் கையில் இருந்ததால், யாரிடமும் அனுமதி கேட்காமல் வெளியார் கருவிகள் செய்தனர். பிரேசிலின் சாவோ பாவ்லோவிலுள்ள பிரேமே மையம் சிஐசிஸ் என்ற கட்டளைவரிக் கருவிகளையும், ஐசிஸ் தரவை இணையத்தில் காட்டும் வழியையும் உருவாக்கியது. ஓப்பன்ஐசிஸ் என்ற திறமூல நிரலகம் எழுதப்பட்டது. நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்டோன் மென்பொருள் ஐசிஸ் கோப்புகளை நேரடியாகப் படிக்கும். பயனர்கள் ஒரு விநியோகஸ்தரின் வாசலில் மட்டும் நிற்க வேண்டியிராததே இதன் பலன். வணிகத் தரவுத்தளங்களில் நிலைமை வேறு: ஆரக்கிளின் பழுதுநீக்கக் குறிப்புகளில் பெரும்பகுதி ஆதரவு ஒப்பந்தம் வைத்திருப்பவர்களுக்கே திறக்கும். பெரிய மென்பொருளுக்கு நூல்களும் பயிற்சி நிலையங்களும் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். சிறு வட்டத்தில் புழங்கும் மென்பொருளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

ஆவணம் எட்டாத இடம்

கோப்பமைப்பு தெரிந்தாலே எல்லாம் தெரிந்துவிடாது. பதிவில் இருப்பது 24ஆம் புலம் என்பது வரை கையேட்டைக் கொண்டு அறியலாம். அது தலைப்பா விலையா என்பதை முடிவு செய்தது அந்தந்த நூலகர். நல்லவேளையாக, புலப் பெயர்ப் பட்டியலும் சாதாரண உரைக் கோப்புதான். எழுத்துக் குறியீடுதான் உண்மையான தலைவலி. வின்ஐசிஸுக்கு யூனிகோடு தெரியாது. தமிழ்ப் பதிவு வேண்டுமென்றால் 8-பிட் எழுத்துருதான் வழி. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியீடுகளை அறிவித்திருந்தாலும், புழக்கத்தில் பல தனியார் குறியீடுகளும் இருந்தன. அவற்றின் அட்டவணை கிடைக்காவிட்டால் ஐசிஸின் கையேடு மட்டும் போதாது. பதிவு கிடைக்கும், படிக்க முடியாது. ஐஎஸ்ஓ 2709 என்ற பரிமாற்ற வடிவில் ஏற்றுமதி செய்து கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாறும் நூலகங்களும் இதே சிக்கலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சட்டம்

விவரம் வெளியிடப்படாத மென்பொருளைப் பயன்படுத்துவோருக்குச் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. ஐரோப்பாவின் 1991ஆம் ஆண்டு மென்பொருள் நெறியாணை, வேறொரு நிரலுடன் இணைந்து இயங்கச் செய்வதற்காக நிரலைப் பிரித்துப் பார்க்க நிபந்தனைகளுடன் அனுமதித்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 1999 திருத்தத்தால் சேர்ந்த உட்பிரிவும், அப்படி இணைந்து இயங்கத் தேவையான விவரம் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது அதைப் பெறுவதற்கான செயலை மீறலாகக் கருதுவதில்லை. ஆனால் மூடிய கோப்பை ஒவ்வொரு பைட்டாகப் பிரித்துப் பார்க்கும் ஆற்றல் எந்தச் சிறு நூலகத்துக்கு இருக்கிறது?

பிற்காலம்

யுனெஸ்கோ பின்னர் ஜாவாவில் ஜே-ஐசிஸ் என்ற பதிப்பைக் கொண்டுவந்தது. பிரேமே, பெல்ஜியத்தின் பிளெமிஷ் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான விலிர்-யுஓஎஸ்ஸின் ஒத்துழைப்புடன் ஏபிசிடி என்ற திறமூல நூலக மென்பொருளை உருவாக்கியது. அது பழைய ஐசிஸ் கோப்பமைப்பையே அடித்தளமாகக் கொண்டது.