அருஞ்சொல்லும் ஆட்சியும்: தில்லிக் கல்லூரி தரும் சான்று

1. முன்னுரை

அருகி வழங்கும் சொற்களையும் பொருள் எளிதில் விளங்காத சொற்களையும் கற்பதற்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டுகள் மனப்பாடம் செய்யப்பட்டன. உரையாசிரியர்களோ அருஞ்சொல்லை அது பயின்றுவரும் இடத்தோடு சேர்த்தே விளக்கினர். முன்னது சொல்லைப் பட்டியலில் வைத்துக் கற்பிக்கும் முறை. பின்னது ஆட்சியில் வைத்துக் கற்பிக்கும் முறை. ஆங்கிலம் இந்தியக் கல்விக்கூடங்களில் நுழைந்தபோதும் இவ்விரு முறைகளுக்கும் இடமிருந்தது. பொதுப் பேச்சில் வழங்காத ஆங்கிலச் சொற்களை 19ஆம் நூற்றாண்டுத் தில்லி அறிஞர்கள் எவ்வாறு கற்றனர், தம் மொழியில் எவ்வாறு ஆண்டனர், அவர்கள் ஆக்கிய சொற்கள் பின்னர் எந்நிலையை அடைந்தன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சொல்லின் அருமை சொல்லிலேயே உள்ளதா, அன்றிச் சொல்லுக்கும் அதனை ஆள்வோருக்கும் இடையேயுள்ள தொலைவில் உள்ளதா என்பதே இங்கு எழும் வினா.

2. கல்லூரியின் இரு பிரிவுகள்

தில்லி அஜ்மேரி வாயிலருகே காசியுத்தீன் மதரசாக் கட்டடத்தில் 1825இல் தில்லிக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1828இல் அதில் ஆங்கிலப் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்பின் ஆங்கிலத்தை நேரே கற்கும் பிரிவும், அரபு, பாரசீகம் முதலிய மொழிகளோடு மேனாட்டு அறிவியலை உருது வழியே கற்கும் கீழைப் பிரிவும் அடுத்தடுத்து இயங்கின.

இவ்விரு பிரிவுகளின் வேறுபாடு மொழியளவில் நின்றுவிடவில்லை. ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை வழங்கும் தீர்மானத்தைத் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்சு 1844 அக்டோபரில் வெளியிட்டார். அதன் விளைவாக ஆங்கிலச் சொல்லறிவு பிழைப்புக்குரிய முதலாக மாறியது. கீழைப் பிரிவு மாணவருக்கோ பொருளறிவு கிட்டியதேயன்றி அதற்குரிய பதவி கிட்டும் என்னும் உறுதி இல்லை.

இரு பிரிவுகளையும் இணைத்தவருள் குறிப்பிடத்தக்கவர் இராமச்சந்திரர் (1821–1880). ஆங்கிலப் பிரிவில் பயின்ற அவர் கீழைப் பிரிவில் கணிதத்தையும் அறிவியலையும் உருதுவில் கற்பித்தார். பெருமம், சிறுமம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய கணித நூல் 1850இல் வெளியாயிற்று. கணித அறிஞர் டி மார்கனின் முன்னுரையுடன் அது 1859இல் இலண்டனில் மறுபதிப்புப் பெற்றது. கலைச்சொல்லைத் தாம் ஒரு மொழியில் ஆண்டு, மாணவருக்கு மற்றொரு மொழியில் விளக்க வேண்டிய நிலை அவருடையது. மொழிபெயர்ப்பாளர் அனைவரும் அறிந்த நிலை அது.

3. பூத்ரோஸ் வகுத்த நெறிகள்

1840களின் தொடக்கத்தில் கல்லூரி முதல்வராயிருந்த பெலிக்ஸ் பூத்ரோஸ் என்பவரின் முயற்சியால் தாய்மொழிகளில் நூல்களைப் பெயர்க்கும் கழகம் ஒன்று உருவாயிற்று. அவருக்குப்பின் முதல்வரான ஸ்பிரெங்கர் அப்பணியைத் தொடர்ந்தார். அறிவியல், சட்டம், வரலாறு முதலிய துறைகளில் பல நூல்கள் வெளிவந்தன.

மொழிபெயர்ப்போருக்கென வகுக்கப்பட்ட நெறிகளின் சாரம் இது. இணையான உருதுச் சொல் இல்லாதவிடத்து ஆங்கிலச் சொல்லை அவ்வாறே ஏற்கலாம். சோடியம், பொட்டாசியம், குளோரின் ஆகியன இவ்வகையின. நேரான சொல்லற்ற பட்டங்களும் பதவிப் பெயர்களும் இவற்றைப் போன்றனவே. நாட்டில் முன்பே வழங்கும் சொல் இருப்பின் அதனையே ஆளவேண்டும். எனவே கந்தகத்தைக் குறிக்கக் ‘கந்தக்’ என்னும் சொல் இருக்க, ஆங்கிலச் சொல் வேண்டா. கூட்டுச்சொற்களை உறுப்புகளாகப் பிரித்து நோக்கிப் பெயர்க்கலாம்.

இந்நெறிகளின் அடிப்படை, சொல்லைத் தனியே நோக்காது அது குறிக்கும் பொருளை முதலில் நோக்குவதாகும். பொருள் புதிதாயின் சொல்லும் புதிதாக வரலாம். பொருள் பழையதாயின் புதுச்சொல் கற்போருக்கு வீண்சுமை. ஏறத்தாழ இதே காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் இத்தகைய சிக்கலை எதிர்கொண்டார். 1847இல் இலங்கை வந்த அவர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க நூல்கள் ஆக்கினார். ‘இரணவைத்தியம்’ என்னும் நூற்பெயரில் வழக்கிலிருந்த சொற்கள் அமைந்தன. 1875இல் வெளியான வேதியியல் நூலுக்கோ ஆங்கிலச் சொல்லே தமிழ் ஈறு பெற்றுக் ‘கெமிஸ்தம்’ எனப் பெயராயிற்று. தில்லியும் மானிப்பாயும் ஒன்றையொன்று அறிந்து செயற்பட்டன எனக் கொள்ள வேண்டுவதில்லை. ஒரே தேவை ஒத்த விடைகளை ஈன்றது எனலாம். தில்லியில் 1961இல் அமைந்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையமும் தனிமங்களின் பெயர் போன்ற பன்னாட்டுச் சொற்களை அவ்வாறே ஏற்கும் கொள்கையை மேற்கொண்டது.

4. நசீர் அகமதும் தண்டனைச் சட்டமும்

இம்மரபின் முழுமையான பயனைக் கீழைப் பிரிவு மாணவரான நசீர் அகமதின் வாழ்வில் காணலாம். ஆங்கிலம் கற்பதினும் மகன் இறப்பதே மேல் எனத் தம் தந்தை கருதியதால் ஆங்கிலப் பிரிவில் சேர இயலாமற் போயிற்று என அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். அரபு பயின்று வெளிவந்த அவர், அரசுப் பணியில் அமர்ந்த பின்னரே ஆங்கிலம் கற்றார்.

மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைந்து அளித்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி 1862 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதனை உருதுவில் பெயர்க்கும் பணியில் நசீர் அகமது பிறருடன் இணைந்து ஈடுபட்டார். கீழை மொழிகளின் அறிவுச் செல்வத்தை 1835இல் இகழ்ந்துரைத்த மெக்காலேயின் சட்டம், வட இந்திய மக்களைச் சென்றடைய அரபும் பாரசீகமும் கற்ற அறிஞரின் துணையை நாடியது.

இச்சட்டத்தின் சொற்கள் கற்போரை ஏமாற்றும் இயல்பின. ஆங்கிலத்தில் ‘ரெஸ்ட்ரெயின்ட்’, ‘கன்ஃபைன்மென்ட்’ ஆகிய இரண்டும் தடுத்தலைக் குறிக்கும். அகராதியை மட்டும் நோக்குவோர் இவற்றை ஒருபொருட் பன்மொழி எனக் கருதக்கூடும். சட்டமோ 339, 340ஆம் பிரிவுகளில் இவற்றை வேறுபடுத்துகிறது. ஒருவர் செல்ல உரிமையுள்ள வழியில் செல்லவிடாது மறித்தல் முன்னது. குறித்த எல்லையைக் கடந்து செல்லவிடாது அடைத்தல் பின்னது. பாதையை மறித்தல், சுவர் சூழ்ந்த இடத்தில் வைத்துப் பூட்டுதல் போன்ற எடுத்துக்காட்டுகளைச் சட்டமே தருகிறது. இவ்வாறு வரையறையும் எடுத்துக்காட்டும் சேர்ந்து அருஞ்சொல்லின் ஆட்சியைக் கற்பித்தன. உருதுப் பெயர்ப்பில் முன்னது ‘முஸாஹமத்-ஏ-பேஜா’ (முறையற்ற மறிப்பு) எனவும், பின்னது ‘ஹப்ஸ்-ஏ-பேஜா’ (முறையற்ற அடைப்பு) எனவும் வழங்கின.

அவதூறு என்னும் குற்றத்துக்குரிய தொடர் இன்னும் நுட்பமானது. ‘இஸாலா-ஏ-ஹைஸியத்-ஏ-உர்ஃபி’ என்பதன் நேர்ப்பொருள், உலக வழக்கில் ஒருவருக்குள்ள மதிப்புநிலையை நீக்குதல் என்பதாகும். ஆங்கிலச் சொல்லின் வடிவத்தைப் பின்பற்றாது, பிறர் மதிப்பில் ஒருவரைத் தாழ்த்துவது என்னும் சட்டத்தின் கருத்தையே இத்தொடர் பின்பற்றுகிறது. சொல்லைக் கற்றவர் எழுதக்கூடிய தொடரன்று இது. சட்டப்பிரிவைக் கற்றவர் எழுதியது.

நசீர் அகமது பின்னர்த் துணை ஆட்சியராக உயர்ந்தார். உருது உலகம் இன்றும் அவரை ‘டிப்டி நசீர் அகமது’ என்றே குறிப்பிடுகிறது. இணைச்சொல்லற்ற பதவிப் பெயரை அவ்வாறே ஏற்கலாம் என்னும் பூத்ரோஸின் நெறி, அரிய தொடர்களை ஆக்கியவரின் பெயரிலேயே நிலைபெற்றுவிட்டது.

5. விளக்கச் சொல் அருஞ்சொல் ஆதல்

மக்களுக்கு விளங்கும் பொருட்டு ஆக்கப்பட்ட இச்சட்டத் தொடர்கள், பாரசீகமும் அரபும் கலந்த கல்வி மரபு தில்லியில் தளர்ந்தபின் படிப்படியாக மக்களிடமிருந்து விலகின. காவல்நிலைய எழுத்தரும் நீதிமன்றப் பணியாளரும் அவற்றை வாய்பாடுபோல் தொடர்ந்து எழுதினர். முதல் தகவல் அறிக்கையில் காணும் உருது, பாரசீகச் சொற்கள் முறையீடு செய்வோருக்கே விளங்கவில்லை என்னும் வழக்கு தில்லி உயர்நீதிமன்றத்தின்முன் வந்தது. அதனையொட்டி 2019 நவம்பரில் இத்தகைய 383 சொற்களின் பட்டியலைத் தில்லிக் காவல்துறை சுற்றறிக்கையாக அனுப்பி, எளிய சொற்களை ஆளுமாறு பணித்தது. 2023இல் இதே அறிவுறுத்தலை மீண்டும் வழங்க நேர்ந்தது. 2024 சூலை 1இல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததும் பழைய தண்டனைச் சட்டமே விலகியது.

இதனைப் பாரசீக, அரபுச் சொற்களின் இயல்பான கடினம் எனக் கொள்வது பொருந்தாது. ஜாமீன், வக்கீல், ஜப்தி, கைதி, ஆஜர் ஆகிய சொற்கள் தமிழ்நாட்டின் எழுத்தறியாதோர் பேச்சிலும் தடையின்றி வழங்குகின்றன. இவை நூலிலிருந்து கற்கப்பட்டவை அல்ல. நீதிமன்றப் படிகளில் வழக்காளிகளின் வாயில் பயின்றவை. தில்லியின் தொடர்களோ எழுத்தரின் கையில் தங்கின. ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்களுள் மக்கள் ஆண்டவை எளிமையாயின. அலுவலகம் மட்டும் ஆண்டவை அருமையாயின.

6. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, அருமை என்பது சொல்லின் நிலைத்த பண்பன்று. சொல்லுக்கும் ஆள்வோருக்கும் இடையேயுள்ள தொலைவின் அளவு. இரண்டு, ஆங்கில அருஞ்சொல்லைக் கற்பதென்பது பொருளோடு அதன் எல்லையையும், அது வரும் இடத்தையும், அதனோடு மாறுபடும் அண்டைச் சொல்லையும் கற்பதாகும். மூன்று, நல்ல பெயர்ப்பும் காலத்தால் விளக்கம் வேண்டும் நிலையை அடையும்.

காவல்நிலையத்தில் முறையிடும் ஒருவர் தாம் கையொப்பமிடும் அறிக்கையைத் தாமே படித்தறிய இயலாதெனில், அங்குத் தவறியது அவருடைய சொல்லறிவன்று. நசீர் அகமதின் தலைமுறை தன் காலத்து மக்களுக்காகச் செய்த பணியை ஒவ்வொரு தலைமுறையும் தன் மக்களுக்காக மீண்டும் செய்ய வேண்டியுள்ளது. தமிழில் சட்டச் சொற்களையும் அறிவியற் சொற்களையும் ஆக்குவோர்க்கும் இக்கடமை உரியதே.