பழைய துப்பாக்கியிற் புதிய குழல்

முன்னோர் வைத்த பொருள் பழுதுற்றால் அதனை எறிவதோ, புதுக்குவதோ தக்கது? இவ்வினாவிற்கு ஆங்கில நாட்டுத் துப்பாக்கிக் கம்மியரது வரலாற்றில் நல்லதொரு விடை உளது. அதனை நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டு எடுத்துரைப்பாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் முதலிய ஊர்களிற் செய்யப்பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பலவற்றின் குழல்கள், இரும்பும் எஃகும் கலந்து முறுக்கிய பட்டைகளைக் கோலின்மேற் சுருளாகச் சுற்றிக் காய்ச்சி அடித்து ஒட்டியவையாம். மேலே தோன்றும் அழகிய வரிகள் பற்றி அவற்றை 'டமாஸ்கஸ்' குழல் என்றனர். அவை கருமருந்திற்கென அமைந்தவை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நைட்ரோ மருந்துகள் பரவின. அம்மருந்திற்குரிய சோதனை பெறாத குழலில், அதிலும் துருவால் உள்ளே குழிந்து மெலிந்த குழலில், அதனை இட்டுச் சுடுதல் பேரிடர். குழல் வெடிப்பின் அதனைத் தாங்கிய கையே முதலிற் சிதையும்.

குழல் கெட்டும் கட்டையும் விசைகளும் செவ்வனே இருக்கும் துப்பாக்கிகள் பல. முற்றும் புதிய குழற்கோவை செய்வதற்கோ பெரும்பொருள் வேண்டும். ஆதலின் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மற்றொரு முறை பெருவழக்காயிற்று. அடியினின்று ஏறக்குறைய 3 அங்குலம் விட்டுப் பழங்குழல்களை அறுத்து நீக்குவர். எஞ்சிய அடித்துண்டைக் குடைந்து, புதிய எஃகுக் குழல்களை அதனுட் செருகிப் பற்றவைப்பர். பின்னர் இரு குழல்களுக்கும் இடையிலுள்ள பட்டையை மீண்டும் பதிப்பர். விசைப்பகுதியோடு மயிரிழையும் பிசகாது பொருந்துவது அவ்வடித்துண்டே. அப்பொருத்தமே கம்மியனது உழைப்பிற் பெரும்பகுதி. அதனைக் காத்தலாற் செலவு சுருங்குகின்றது.

வேலை முடிந்ததும் துப்பாக்கியை மீண்டும் சோதனைச்சாலைக்கு அனுப்புதல் வேண்டும். லண்டன் துப்பாக்கிக் கம்மியர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாம் சாலை 1813-இற் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்றது. அங்கு வழக்கத்தினும் மிக்க அழுத்தந்தரும் தோட்டாவைச் சுட்டு, குழல் தாங்கினால் முத்திரை இடுவர். அம்முத்திரையோடு 'ஸ்லீவ்ட்', அஃதாவது குழல் செருகப்பட்டது, என்னும் சொல்லையும் குழலிற் பொறிப்பர்.

இச்சொல்லே யாம் கருதத்தக்கது. பற்றவைத்த இடத்தைக் கண்ணுக்குப் புலப்படாவண்ணம் மறைக்கும் திறம் இன்று கம்மியர்க்கு உண்டு. ஆயினும் பொறித்த சொல் வாங்குவோனுக்கு உண்மையை உரைத்துவிடும். விலை சிறிது குறையலாம். சுடுவோனது கையும் கண்ணும் காக்கப்படும். பழமையிற் சீரியதைக் காத்து, நலிந்ததை நீக்கிப் புதியதை ஏற்பது இழிவன்று. புதுக்கியதை மறைத்துப் பழமையெனக் காட்டுதலே இழிவு. குடும்பத்திற்கும் சங்கத்திற்கும் இஃது ஒக்கும் என்பது எமது துணிபு.