மஞ்சள் கொடியில் இருந்து ஒற்றைச் சாளரம் வரை

2021 நடுப்பகுதியில் எங்கட வீடுகளில் மீன் வாங்க முன்னம் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது எந்தப் பக்கத்து மீன்?" எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கிய நாட்கள் அவை. களுத்துறையில் இருந்து நீர்கொழும்பு வரை மீன்பிடிக்குத் தடை. பேலியகொடை மொத்தச் சந்தையை நம்பி இருந்த மீன்காரர் பாடு சொல்லத் தேவையில்லை. ஆனா, கப்பலும் துறைமுகமும் ஒன்றோடொன்று எப்படிப் பேசுது என்று அப்போ நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

முதலில் கொடி. 1857இல் பிரித்தானியர் கப்பல்களுக்கான பொதுச் சைகைத் தொகுப்பை வெளியிட்டார்கள். எந்த மொழிக்காரனும் கொடியைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம் என்பதுதான் நோக்கம். ஒரு காலத்தில் மஞ்சள் கொடி ஏற்றினால் கப்பலில் நோய் என்று அர்த்தம். இன்றைய தொகுப்பில் அதே மஞ்சளுக்கு "கப்பலில் எல்லாரும் சுகம், உள்ளே வர அனுமதி தாங்கோ" என்று அர்த்தம். குறியீடு இருந்தால் மட்டும் போதாது, ரெண்டு பக்கமும் அதை ஒரே மாதிரி வாசிக்கவும் வேணும்.

அடுத்தது கடதாசி. துறைமுகம், சுங்கம், குடிவரவு, சுகாதாரம் என்று ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனிப் படிவம். நாட்டுக்கு நாடு வேற வேற வடிவம். இந்தச் சிக்கலைக் குறைக்கத்தான் 1965இல் லண்டனில் கடல் போக்குவரத்தை இலகுபடுத்தும் சர்வதேச உடன்படிக்கை உருவாகி, 1967இல் நடைமுறைக்கு வந்தது. பொது அறிவிப்பு, சரக்கு, கப்பல் களஞ்சியம், மாலுமிகளின் உடைமைகள், மாலுமிகள், பயணிகள், ஆபத்தான சரக்கு என்று ஏழு படிவங்கள் பொதுவாகின.

பிறகு கணினி. 1987இல் எடிஃபாக்ட் என்ற ஐநா தரம் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. சரக்கு விபரத்தைச் சுங்கத்துக்கு அனுப்ப ஒரு செய்தி வடிவம், எந்தக் கொள்கலன் கப்பலில் எந்த இடத்தில் இருக்கு என்று சொல்ல இன்னொன்று. ஆனால் வடிவம் ஒன்றானாலும் பொருள் ஒன்றாகவில்லை. "வந்து சேரும் நேரம்" என்றால் வழிகாட்டி ஏறும் இடத்துக்கா, துறைமேடைக்கா? ஒருவர் ஒன்றை நினைத்து அனுப்ப மற்றவர் வேறொன்றாக வாசித்தால், வழிகாட்டியில் இருந்து லொறி வரை எல்லாரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

உடன்படிக்கை நாடுகளில் மின்னணுப் பரிமாற்றம் 2019 ஏப்ரலில் கட்டாயமானது. 2024 ஜனவரி 1 முதல் ஒற்றைச் சாளரமும் கட்டாயம். கப்பல் ஒரு இடத்தில் ஒருமுறை தகவல் கொடுத்தால், எல்லா அலுவலகமும் அதையே எடுத்துக்கொள்ள வேணும்.

இனி எக்ஸ்-பிரஸ் பேர்லுக்கு வருவம். 1,486 கொள்கலன்கள், அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம். அது ஆபத்தான சரக்கு என்பது ரகசியம் இல்லை. அந்த அமிலத்துக்கு ஐநா இலக்கமே இருக்கு: 2031. ஆனால் மே 11 அளவிலேயே கசிவு தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாத்திலும் இந்தியாவின் ஹசிராவிலும் அந்தக் கொள்கலனை இறக்கக் கேட்டு, ரெண்டு இடத்திலும் முடியாது என்றுவிட்டார்கள். மே 19 கப்பல் கொழும்புக்கு வெளியே வந்தது. அடுத்த நாளே தீ. ஜூன் 2 மூழ்கத் தொடங்கியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில். கசிவு பற்றி யாருக்கு, எப்போது, எவ்வளவு சொல்லப்பட்டது என்பது பிறகு பெரிய வழக்குப் பிரச்சினையானது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தச் சொன்னது.

ஏழாவது படிவம் "என்ன ஏற்றியிருக்கு" என்று கேட்கும். "நேற்று அது ஒழுகத் தொடங்கிட்டுது" என்பதற்கு அதில் கட்டம் இல்லை. ஒரு துறைமுகம் திருப்பி அனுப்பிய காரணம் அடுத்த துறைமுகத்துக்குத் தானாகப் போய்ச் சேரவும் ஏற்பாடு வேணும். தரப்படுத்தல் என்று பேசும்போது நாங்கள் கேட்க வேண்டியது அதைத்தான். இதைக் கணினிக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடேலாது. ஒழுங்காகச் சொல்லாத செய்திக்கு விலை கொடுத்தது பேலியகொடைச் சந்தையும், அதை நம்பி வள்ளம் இறக்கிய ஆக்களும்தான்.