வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் வீடு

சாத்தூரில் சித்தி மகன் வீடு கட்டுகிறான். போன வருஷம் இன்ஜினியர் கொடுத்த பிளானை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். கூடவே எலிவேஷன் படம் நாலு. ராத்திரி விளக்கெல்லாம் எரியுற மாதிரி, வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிற மாதிரி, கம்ப்யூட்டரில் வரைந்தது. "செக்‌ஷன் எங்கடா?"ன்னு கேட்டேன். "அது எதுக்குண்ணே? அப்ரூவலுக்கு வச்சதுல ஓரமா ஒண்ணு இருக்கும்"னான். இருந்தது. படிக்கட்டை ஒட்டி வெட்டிய படம், உள்ளங்கை அளவு. அஸ்திவார ஆழம், கூரை உயரம் 10 அடி, அவ்வளவுதான்.

செக்‌ஷன் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கத்தரிக்காயை நெடுக்காக அரிந்து உள்ளே பார்க்கிற மாதிரி வீட்டை மேலிருந்து கீழே அரிந்து பார்ப்பது. எந்த அறை எங்கே என்பதை பிளான் சொல்லும். தெருவில் போகிறவன் என்ன பார்ப்பான் என்பதை எலிவேஷன் சொல்லும். காற்று எங்கே நுழையும், சூடு எங்கே போய் நிற்கும், மே மாத வெயில் எது வரைக்கும் உள்ளே வரும் என்பதெல்லாம் செக்‌ஷனில்தான் தெரியும். நாம் வீடு கட்டும்போது பார்க்காமல் விடுகிற படமும் அதுதான்.

இதைச் சொல்லும்போது எனக்கு சார்ல்ஸ் கொரியா ஞாபகம் வரும். 1930ல் செகந்திராபாத்தில் பிறந்தவர், அமெரிக்காவில் மிச்சிகனிலும் எம்.ஐ.டி.யிலும் படித்துவிட்டு வந்து 1958ல் பம்பாயில் தொழில் தொடங்கியவர். 2015ல் காலமானார். நவீன இந்தியக் கட்டடக்கலை பற்றிப் பேசினால் அவர் பெயர் வராமல் இருக்காது. ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கட்டடங்களோடு நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அகமதாபாத்தில் அவர் கட்டிய ஒரு சின்ன வீடு. அது இப்போது இல்லை.

1960களின் தொடக்கத்தில் குஜராத் வீட்டுவசதி வாரியம் குறைந்த செலவு வீடுகளுக்காக ஒரு போட்டி வைத்தது. அவர்கள் எதிர்பார்த்தது லிஃப்ட் இல்லாத மாடிக் குடியிருப்பு. கொரியா வரிசை வீடுகளை வரைந்து கொடுத்தார். அதே நிலத்தில் அதே எண்ணிக்கை குடும்பங்கள், ஆளுக்குக் கூடுதல் இடம். பரிசும் கிடைத்தது. 1961-62ல் மாதிரி வீடு எழுந்தது. பெயர் 'ட்யூப் ஹவுஸ்', குழாய் வீடு.

ஏறக்குறைய 12 அடி அகலம், 60 அடி நீளம். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு பொது. அதனால் பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது. கேட்டவுடனே மூச்சு முட்டுது இல்லையா? இப்போ அதை நெடுக்காக அரிந்து பாருங்க. வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே திருப்பி வைக்கக்கூடிய பலகைத் தடுப்புகள், காற்று அந்த வழியாக நுழையும். கூரை தட்டையாக இல்லாமல் சரிந்து மேலே போகும். உள்ளே சூடான காற்று அந்தச் சரிவின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஏறி, உச்சியில் விட்டிருக்கிற திறப்பு வழியாக வெளியேறும். அது வெளியேற வெளியேற, கீழே வாசல் பக்கம் புதுக் காற்று இழுபடும். மின்விசிறிகூட வேண்டாம், சூடே வேலை செய்யும். நடுவில் சின்ன முற்றம், அதன் மேல் பந்தல் மாதிரி சட்டங்கள். தூங்குவதற்கு மேலே ஒரு பரண் தளம். உள்ளே அறைகளுக்குக் கதவு கிடையாது. கதவு போட்டால் காற்று நின்றுவிடும். அதனால் ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவரை மறைக்கும் வேலையைத் தள உயரங்களே பார்த்துக்கொண்டன. வீட்டின் உருவமே காற்றை நகர்த்துகிற இயந்திரம்.

இது அவர் மண்டையில் தானாக உதித்தது இல்லை. அகமதாபாத் பழைய நகரத்தில் 'போல்' என்று சொல்கிற குடியிருப்புத் தெருக்கள் உண்டு. அங்கே வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். முகப்பு குறுகல், உள்ளே நீளம், நடுவில் 'சௌக்' என்கிற முற்றம், பல வீடுகளில் அதற்குக் கீழே மழைநீர்த் தொட்டி. ஒட்டி நிற்பதால் பக்கச் சுவரில் வெயிலே படாது. முற்றம் வழியாகச் சூடு மேலே போகும். போல் வீட்டுக்குப் போகிறவர்கள் போட்டோ எடுப்பது முகப்பில் இருக்கிற மரச் செதுக்கு வேலையை. கொரியா அதில் ஒரு பூவைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. குழாய் வீட்டையும் போல் வீட்டையும் அரிந்து பக்கத்தில் வைத்தால்தான் சொந்தம் தெரியும்.

'பாரம்பரியக் கட்டடக்கலை' என்று இன்று நம் ஊரில் விற்கிறார்களே, அதில் எனக்கு இருக்கிற சண்டையே இதுதான். ரிசார்ட் வாசலில் ஆத்தங்குடி ஓடும் நாலு செட்டிநாட்டுத் தூணும் வைத்துவிட்டு, உள்ளே மூடிய கண்ணாடி, ஏசி.

கொரியா விரும்பி எடுத்துக்காட்டிய இன்னொரு கட்டடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: பத்மநாபபுரம் அரண்மனை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது, நிர்வாகம் மட்டும் கேரளத்தின் கையில். அங்கே ஒரு மண்டபத்தை அவர் அரிந்து காட்டுவார். கூரை சரிந்து இறங்குகிறது. அதே கோணத்தில் தரை மேடையும் பிரமிடு மாதிரி சரிந்து இறங்குகிறது. கூரையின் விளிம்பு நீண்டு வந்து வெயிலையும் மழையையும் தடுத்துவிடுகிறது. அதனால் சுவரே தேவைப்படவில்லை. மேடையில் உட்கார்ந்திருப்பவரின் பார்வை, கண் கூசும் வானத்துக்குப் போகாமல், தானாகக் கீழே இறங்கிப் பச்சைப் புல்லில் விழுகிறது. நானும் அந்த அரண்மனைக்கு இரண்டு தடவை போய், பளபளக்கும் கருப்புத் தரையைப் பார்த்துவிட்டு வந்தவன்தான். இதைப் படித்த பிறகுதான் அங்கே ஏன் கண்ணுக்கு அவ்வளவு இதமாக இருந்தது என்பது புரிந்தது.

ஒரு விஷயம் கவனியுங்க. அகமதாபாத்தில் கிடைத்த விடையைத் தூக்கி நாகர்கோவிலில் வைக்க முடியாது. வறண்ட ஊரில் வெயிலிலிருந்து ஒளிய வேண்டும்: தடித்த சுவர், குறைந்த திறப்பு, பகலில் சாத்தி ராத்திரி திறப்பது. கடலோர ஈரப்பதத்தில் வியர்வை காய வேண்டும், அதற்கு நாள் முழுக்க காற்று மேலே பட வேண்டும், சுவர் இருந்தால் தொந்தரவு. அதனால்தான் அங்கே குழாய், இங்கே சுவரில்லாத மண்டபம். கொரியா 1960களின் கடைசியில் அகமதாபாத்தில் கட்டிய பாரேக் வீட்டில் ஒரே வீட்டுக்குள் இரண்டு செக்‌ஷன் வைத்தார். ஒன்று கோடைப் பகலுக்கு, மேலே போகப் போகக் குறுகி வெயிலை மறைப்பது. இன்னொன்று குளிர்காலத்துக்கும் கோடையின் மாலை நேரங்களுக்கும், வானத்தைப் பார்த்து விரிவது. வெயில் எங்கே விரட்டுகிறதோ அதற்கேற்ப குடும்பம் வீட்டுக்குள்ளேயே இடம் மாறும். நம்ம பாட்டிமார் பாயைத் திண்ணைக்கும் முற்றத்துக்கும் மொட்டைமாடிக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தது போலத்தான்.

பம்பாயில் 1983ல் முடிந்த காஞ்சன்ஜங்கா அடுக்குமாடியும் இதே கணக்குதான். மேற்கே கடல், கடற்காற்று. அதே மேற்கில்தான் சாயங்கால வெயிலும் பருவமழைச் சாரலும். பழைய பங்களாக்கள் சுற்றிலும் வராந்தா வைத்து அதைச் சமாளித்தன. கொரியா அந்த வராந்தாவையே இரண்டு மாடி உயரத் தோட்டத் தளமாக்கி 84 மீட்டர் உயரக் கோபுரத்தின் மூலைகளில் செருகினார். மொத்தம் 32 வீடுகள், எல்லாம் பணக்காரர்களுக்கு. அது நிற்கிறது, கட்டடக்கலை மாணவர்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

குழாய் வீட்டை 1995ல் இடித்துவிட்டார்கள்.

அதைக் குறையே இல்லாத வீடு என்று சொல்ல மாட்டேன். கதவே இல்லாத வீட்டில் மாமியார், மருமகள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எல்லோரும் இருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். தாளிக்கிற நெடி பரண் வரைக்கும் போகும். கொசு வலை அடித்தால் காற்று பாதியாகிவிடும். பலகைத் தடுப்புகளை நேரம் பார்த்துத் திருப்ப வீட்டில் ஆள் வேண்டும். ஆனால் இடிபட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தெருவிலிருந்து பார்த்தால் அதில் பார்க்க எதுவும் இல்லை. கோபுரமோ தூணோ கண்ணாடியோ இல்லாத, சரிந்த கூரை போட்ட ஒரு சின்ன வீடு. பழையதைக் காப்பாற்றுகிறவர்களும் முகப்பைத்தான் காப்பாற்றுகிறார்கள். அகமதாபாத் பழைய நகரத்தை 2017ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, நல்லதுதான். அதே போல் வீட்டின் அறிவைப் புதிதாகப் பிறக்க வைத்த வீடு அதற்கு 22 வருஷம் முன்னாடியே போய்விட்டது. அகமதாபாத்திலேயே கொரியாவின் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை இன்றும் பார்க்கலாம். 1963ல் நேரு திறந்து வைத்தது, ஓட்டுக் கூரை, கண்ணாடி ஜன்னலே இல்லாமல் மரப் பலகைத் தடுப்புகள். காந்தி பெயர் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். சாத்தூரும் வறண்ட ஊர்தானே. மாடிப்படி ஹெட்ரூமை மூணு அடி உயர்த்து, உச்சியில் நாலு பக்கமும் காற்று போக வழி விடு, கீழே வடக்குச் சுவரில் திறக்கிற மாதிரி ஜன்னல் வை, படிக்கட்டே புகைபோக்கி மாதிரி வீட்டுச் சூட்டை இழுத்து வெளியே தள்ளும் என்று ஒரு தாளில் வரைந்து அனுப்பினேன். அவனுக்கும் புரிந்தது, இன்ஜினியரிடம் பேசி உயர்த்திவிட்டான்.

போன மாசம் போட்டோ வந்தது. உயர்த்திய இடத்தில் நாலு பக்கமும் நீலக் கண்ணாடி, திறக்க முடியாத மாதிரி சிலிகான் வைத்து அடைத்தது. "தூசி வரும்ன்னாங்கண்ணே. எலிவேஷனுக்கும் எடுப்பா இருக்கு"ன்னு எழுதியிருந்தான். படிக்கட்டுக்கு நேராக ஹாலில் ஏசி மாட்டப் பாயிண்ட் விட்டிருக்கிறார்கள்.