தோற்றவனின் வரலாறு

கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலைமுன் நிற்குந்தோறும் நமக்கோர் எண்ணம் எழும். ஓரி, காரியிடம் தோற்று மடிந்தவன். மலையும் சேரன் கைக்குப் போயிற்று. ஆயினும் ஆண்டுதோறும் ஆடியில் இங்கு அவனுக்கே விழா எடுக்கிறோம்.

இறகுப்பந்திலோ வென்றவரையே எண்ணுகிறோம். ஒருகாலத்தில் இவ்வாட்டத்துக்கே 'பூனா' எனப் பெயர் தந்த புனே நகரில், 2008-இல் உலக இளையோர் பட்டத்தை இந்தியாவுக்கு முதன்முதலாக வென்ற சாய்னா நேவாலை நாடறியும். 2022-இல் ஸ்பெயினின் சான்டாண்டரில் இறுதிவரை சென்று, தைவானின் குவோ குவான் லின்னிடம் 14-21, 20-22 எனத் தோற்று வெள்ளி பெற்ற தமிழக வீரர் சங்கர் முத்துசாமியை எத்தனை பேர் அறிவோம்? இரண்டாம் ஆட்டத்தில் இடைவெளி இரண்டே புள்ளிகள்.

ஓரியை மறவாத மரபினர் நாம். இந்த வெள்ளியையும் எழுதி வைப்போம்.