பொத்தானிலிருந்து கம்பிக்கு

2005இல் 'கிட்டார் ஹீரோ' வந்தபோது, கிட்டார் வாசிக்கிற பலர் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? ஐந்து நிறப் பொத்தான், தட்ட ஒரு பட்டை, கம்பியே இல்லை. ஆனாலும் கையைத் தாளத்துக்குப் பழக்கியது அதுதான் எண்டு நாங்கள் சொல்லுவோம்.

2010இல் 'ராக் பேண்ட் 3' வந்தது. அதற்கான ஒரு கிட்டாரில் 102 பொத்தான்கள்: ஆறு கம்பிக்கும் 17 ஃபிரெட்டுக்கும் ஒவ்வொன்று. (எண்ணிப் பார்த்தால் தலை சுத்தும்.)

2011இல் யூபிசொஃப்டின் 'ராக்ஸ்மித்' பொத்தானையே தூக்கி எறிந்தது. உண்மையான எலக்ட்ரிக் கிட்டாரை ஒரு கேபிளால் செருகினால் போதும். நன்றாக வாசித்தால் சுரங்களைக் கூட்டும், தடுமாறினால் குறைக்கும். விரல்நுனியும் நோகும்.

ஆனால் அதுக்குக் காது மட்டும்தான், கண் இல்லை. மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தாலும், சுரம் சரியெண்டால் புள்ளி போடும். நாரி வளைந்தாலும் அப்படித்தான். கை நோகத் தொடங்கின பிறகுதான் ஆளுக்கு விளங்கும்.