நுழைவுரிமையும் வாழ்வுரிமையும்: கானா நாட்டுக் குடிவரவு விதிகளின் வரலாறு (1957 – 2025)

ஆய்வுச்சுருக்கம்

ஒரு நாட்டின் நுழைவிசைவு விதிகள் பயணிகளுக்கான வெறும் நடைமுறைக் குறிப்புகள் அல்ல. யார் நம்மவர், யார் அயலார் என்று அந்த அரசு வகுத்துக்கொண்ட எல்லையை அவை காட்டுகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாடு 1957 முதல் இயற்றிய குடிவரவுச் சட்டங்களையும், அது ஏற்ற வட்டாரப் பயண உடன்பாட்டையும், அங்குச் செல்வோரிடம் கேட்கப்படும் நோய்த்தடுப்புச் சான்றின் தோற்றத்தையும் இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. நாட்டுக்குள் நுழையும் உரிமை விரிவடைந்த அளவுக்கு, அங்குத் தங்கி உழைத்து வாழும் உரிமை விரிவடையவில்லை என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: கானா, நுழைவிசைவு, அயலார் சட்டம், எக்கோவாஸ், மஞ்சள் காய்ச்சல், வசிப்புரிமை.

முன்னுரை

கானாவின் தலைநகர் அக்ராவுக்கு இன்று செல்வோர் மூவகையினர். எக்கோவாஸ் எனப்படும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பைச் சேர்ந்தோர் விசா இன்றி 90 நாள் தங்கலாம். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் பிற நாட்டவர் வந்திறங்கிய பின் விசா பெறும் முறை 2016 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கடவுச்சீட்டு உடைய இந்தியர் உள்ளிட்ட பலர் முன்கூட்டியே விசா பெற்றுச் செல்லவேண்டும். இவற்றுடன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் தேவை. எளிய பட்டியலாகத் தோன்றும் இவ்விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னே ஒரு வரலாறு உள்ளது. இலட்சக்கணக்கானோர் வீடிழந்து வெளியேறிய நிகழ்வுகளும் அவ்வரலாற்றில் அடங்கும்.

எல்லைகளுக்கு முன்னும் பின்னும்

கோல்டு கோஸ்ட் என்று ஆங்கிலேயர் அழைத்த நிலப்பகுதியே பின்னாளில் கானா ஆயிற்று. அதன் கிழக்கெல்லை ஆங்கிலேயரும் செருமானியரும் வகுத்துக்கொண்ட கோடாகும். எவே மொழி பேசும் மக்கள் அக்கோட்டின் இருபுறமும் பிரிந்தனர். டோகோவின் தலைநகரான லோமே இன்றும் எல்லையை ஒட்டியே நிற்கிறது; அதன் மேற்கு விளிம்பைக் கடந்தால் கானாவின் அஃப்லாவோ ஊர் தொடங்கிவிடும். சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் சென்று வருவோருக்கு அக்கோடு அன்றாடத் தடையாயிற்று.

மறுபுறம், குடியேற்ற ஆட்சிக்காலம் மக்களைப் பெருமளவில் இடம்பெயரச் செய்தது. 1911ஆம் ஆண்டளவில் கோல்டு கோஸ்ட் உலகில் மிகுதியான கொக்கோ விளையும் நாடாக உயர்ந்தது. அத்தோட்டங்களுக்கு வடக்கே அப்பர் வோல்ட்டாவிலிருந்து மோசி மக்கள் கூலிவேலைக்கு வந்தனர். நைஜீரியாவின் யொரூபா வணிகர் சிற்றூர்ச் சந்தைகள்வரை கடைவிரித்தனர். ஹௌசா மொழி பேசும் முஸ்லிம்கள் நகரங்களில் 'சோங்கோ' எனப்படும் குடியிருப்புகளை அமைத்தனர். 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 67 இலட்சம் மக்களுள் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது எட்டில் ஒருவர், அயல்நாட்டு வழியினராகப் பதிவாயினர். அவர்களுள் அந்நாட்டிலேயே பிறந்தவர்களும் அடங்குவர்.

விடுதலையும் குடியுரிமையும்

1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றது. ஆப்பிரிக்கா முழுவதும் விடுதலை அடையாவிடில் கானாவின் விடுதலைக்குப் பொருளில்லை என்பது குவாமே நிக்ருமாவின் கொள்கை. 1958இல் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க அரசுகளின் மாநாடும் அனைத்து ஆப்பிரிக்க மக்கள் மாநாடும் அக்ராவில் நடைபெற்றன. கண்டத்தின் விடுதலைப் போராளிகளுக்கு அந்நகரம் புகலிடமாயிற்று.

ஆயினும் அதே 1957இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், கானா மண்ணில் பிறந்திருப்பதை மட்டும் போதுமானதாகக் கொள்ளவில்லை. பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டியருள் ஒருவரேனும் அங்குப் பிறந்திருக்க வேண்டும் என்றது. அதன் விளைவு சில திங்களிலேயே தெரிந்தது. குமாசி நகர முஸ்லிம் தலைவர்களான அமது பாபா, ஒத்மான் லார்டன் ஆகிய இருவரும் எதிர்க்கட்சியை ஆதரித்தவர்கள். அவர்களை நாடுகடத்த அரசு ஆணையிட்டது. தாம் கானா குடிமக்களே என்று அவர்கள் நீதிமன்றம் சென்றனர். வழக்கு முடிவதற்குள் அவ்விருவரின் பெயரைச் சுட்டியே தனிச்சட்டம் இயற்றிய அரசு, 1957 ஆகஸ்டில் அவர்களை நைஜீரியாவுக்கு அனுப்பியது. குடியுரிமையை மெய்ப்பிக்கும் பொறுப்பு தனிமனிதன் தலையில் விழும்போது, ஐயத்தின் பயனை அரசே எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றாகும்.

1969: பதினான்கு நாள் தவணை

1963ஆம் ஆண்டின் அயலார் சட்டம், வெளிநாட்டார் குடியிருப்பு அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. அது பல்லாண்டு கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்படவில்லை. தலைமுறைகளாகச் சந்தையில் வணிகம் செய்தோர் தமக்கு அப்படியோர் ஆவணம் தேவை என்றே எண்ணவில்லை. 1969 நவம்பர் 18 அன்று பிரதமர் கோஃபி பூசியாவின் அரசு, அனுமதி இல்லாத அயலார் அனைவரும் 14 நாளுக்குள் அதனைப் பெறவேண்டும் அல்லது வெளியேறவேண்டும் என்று ஆணை பிறப்பித்தது.

வேலையின்மை, வெளிநாட்டுக் கடன், சில்லறை வணிகம் அயலார் கையில் உள்ளது என்னும் மனக்குறை ஆகியவை இவ்வாணையின் பின்புலம். வெளியேறியோர் எண்ணிக்கை குறித்து மதிப்பீடுகள் வேறுபடினும் அது இலட்சங்களில் அமையும் என்பதில் ஐயமில்லை. கானாவில் பிறந்து, கானா மொழிகளைப் பேசி, நைஜீரியாவை ஒருமுறையும் பாராதோரும் அவர்களுள் இருந்தனர். கடைச்சரக்கைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு அவர்கள் புறப்பட்டனர். சிறுவணிகத்தைக் கானாவினர்க்கே ஒதுக்கும் சட்டம் 1970இல் வந்தது. கொக்கோத் தோட்டங்களிலோ ஆள் பற்றாக்குறை தோன்றியது. அனைத்து ஆப்பிரிக்க ஒருமையின் தலைநகராகப் போற்றப்பட்ட அக்ரா, விடுதலை பெற்ற 12 ஆண்டுகளில் அண்டை ஆப்பிரிக்கரை அயலாராக்கி அனுப்பியது.

1979 நெறிமுறையும் 1983 வெளியேற்றமும்

1975 மே 28 அன்று லகோஸ் நகரில் எக்கோவாஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1979 மே 29 அன்று டக்காரில் ஏற்கப்பட்ட நெறிமுறை, மக்களின் தடையற்ற பயணத்தை மூன்று கட்டங்களாக வகுத்தது. முதலாவது நுழைவுரிமை, அடுத்தது வசிப்புரிமை, இறுதியானது தொழில் நிறுவும் உரிமை. 15 ஆண்டுக்குள் மூன்றும் நிறைவேற வேண்டும் என்பது திட்டம். முதற்கட்டப்படி, செல்லத்தக்க பயண ஆவணமும் பன்னாட்டு நலச்சான்றும் உடைய குடிமகன் எந்த உறுப்பு நாட்டிலும் விசா இன்றி 90 நாள் தங்கலாம். எனினும் தன் சட்டப்படி ஏற்கத்தகாதவர் எனக் கருதுவோரைத் தடுக்கும் உரிமையை ஒவ்வோர் அரசும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

இந்த இடைவெளியின் விலையைக் கானா மக்களே கொடுக்க நேர்ந்தது. 1970களில் எண்ணெய் வளத்தால் செழித்த நைஜீரியாவுக்குக் கானாவின் ஆசிரியர்களும் கட்டடத் தொழிலாளரும் பெருந்திரளாகச் சென்றனர். எண்ணெய் விலை வீழ்ந்து, தேர்தலும் நெருங்கிய நிலையில், 1983 ஜனவரி 17 அன்று, உரிய ஆவணமற்ற அயலார் ஜனவரி 31க்குள் வெளியேறவேண்டும் என்று நைஜீரிய அரசு அறிவித்தது. தவணை இப்போதும் 14 நாளே. வெளியேறியோருள் கானாவினர் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது.

இதனை 1969க்கான பழிவாங்கல் என்று விளக்குவது எளிது. ஆனால் இரு நிகழ்வுகளிலும் பொருளாதார நெருக்கடியில் இருந்த அரசொன்று அயலாரைச் சுட்டிக்காட்டியது என்பதே உறுதியான ஒற்றுமை. சட்ட நோக்கிலும் ஒன்றைக் கருதவேண்டும். 90 நாளுக்கு மேல் தங்கியோரையும் அனுமதியின்றி வேலைசெய்தோரையுமே தான் வெளியேற்றுவதாக நைஜீரியா வாதிட்டது. நெறிமுறையின் சொற்களை மட்டும் நோக்கின் அவ்வாதத்தை எளிதில் மறுக்க இயலாது. ஏனெனில் அப்போது நடைமுறையில் இருந்தது நுழைவுரிமை மட்டுமே. உழைத்து வாழும் உரிமை இன்னும் ஏட்டிலேயே இருந்தது.

துயரத்தைப் பெருக்கியது மூடிய எல்லை. ஜெர்ரி ராலிங்ஸ் தலைமையிலான கானா அரசு 1982 செப்டம்பரில் டோகோ எல்லையை அடைத்திருந்தது. நடுவிலிருந்த நாடுகளும் கதவடைக்க, தாயகம் செல்லும் வழியிலேயே மக்கள் சிக்கினர். ஜனவரி 29 அன்றுதான் கானா எல்லை திறந்தது. வறட்சியும் காட்டுத்தீயும் பயிரை அழித்த ஆண்டில் அத்தனை பேரையும் அந்நாடு ஏற்கவேண்டியதாயிற்று. அவர்கள் உடைமைகளைத் திணித்துச் சென்ற கட்டம்போட்ட பெரிய பைக்கு 'கானா மஸ்ட் கோ', அதாவது 'கானாக்காரர் போயாகவேண்டும்', என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

மஞ்சள் காய்ச்சல் சான்றின் வேர்

நெறிமுறை கோரும் நலச்சான்றின் வரலாறு கானா மண்ணிலேயே தொடங்குகிறது. 1927இல் ராக்கஃபெல்லர் நிறுவன ஆய்வுக்குழுவினர் கோல்டு கோஸ்ட் பகுதியின் க்பெவே ஊரில் அசிபி என்னும் நோயாளியின் குருதியை எடுத்தனர். இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட ரீசஸ் குரங்குக்கு அது செலுத்தப்பட்டபோது, நோய்க்காரணி வைரசே என்பது தெளிவாயிற்று. அசிபி பிழைத்தார். ஆய்வாளர் ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டு அந்நோயால் லகோசில் இறந்தார். 1928 மே திங்களில் ஹிடேயோ நொகுச்சியும் வில்லியம் யங்கும் அக்ராவில் அடுத்தடுத்து மாண்டனர். அசிபியின் குருதிவழி வந்த வைரசை வலுவிழக்கச் செய்தே மேக்ஸ் தைலர் குழுவினர் 1937இல் '17டி' தடுப்பூசியை உருவாக்கினர். இன்று உலகெங்கும் இடப்படும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகள் அதன் வழித்தோன்றல்களே.

சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் இத்தடுப்பூசி போட்டுக்கொண்டு கானா செல்பவர், ஒரு வகையில், கானா மண்ணிலிருந்து வந்த பொருளை உடலில் ஏற்றே அங்குச் செல்கிறார். நோய் இல்லாத இந்தியாவும், அதனைப் பரப்பவல்ல கொசு இங்கு உள்ளமையால், திரும்பி வருவோரிடம் அதே சான்றைக் கேட்கிறது. 2016 ஜூலை முதல் இச்சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும் என ஏற்கப்பட்டுள்ளது.

இரண்டாயிரத்துக்குப் பின்: வசிப்புரிமை

2000ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் (எண் 573) புதியதொரு கருத்தைப் புகுத்தியது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றதால் கானா குடியுரிமையை இழந்தோரும், உலகெங்கும் சிதறிய ஆப்பிரிக்க வழியினரும் வசிப்புரிமை பெறலாம். அதனைப் பெற்றவர் விசா இன்றி நுழையலாம், காலவரையின்றித் தங்கலாம், தனி அனுமதியின்றி வேலைசெய்யலாம்.

இதற்கு முன்னோடி நிகழ்வு ஒன்றுண்டு. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், தம் அரசு கடவுச்சீட்டு வழங்க மறுத்தமையால், 1957 விடுதலை விழாவில் கலந்துகொள்ள இயலவில்லை. 1961இல் கானாவில் குடியேறிய அவர், அந்நாட்டுக் குடிமகனாகவே 1963இல் அக்ராவில் காலமானார். அடிமைகள் கப்பலேற்றப்பட்ட கேப் கோஸ்ட் கோட்டையில் 'திரும்பவியலா வாயில்' எனப்படும் கதவின் கடல்நோக்கிய பக்கத்தில் இன்று 'திரும்பும் வாயில்' என்று எழுதப்பட்டுள்ளது. 'திரும்பும் ஆண்டு' எனக் கானா கொண்டாடிய 2019இல் புலம்பெயர் ஆப்பிரிக்க வழியினர் 126 பேர் குடியுரிமை பெற்றனர்.

இம்முயற்சியின் அறத்தை மறுக்க இயலாது. ஆயினும் பல நூற்றாண்டுகளுக்கு முன் பிரிந்தோரின் வழியினர்க்கு வாயில் திறந்த சட்டம், 1969இல் பிரிக்கப்பட்ட அண்டை நாட்டார்க்கு அவ்வாறு எதையும் கூறவில்லை. 1992ஆம் ஆண்டு அரசமைப்பும் பிறந்த மண்ணைவிட முன்னோர் வழியையே குடியுரிமையின் அடிப்படையாகக் கொள்கிறது.

முடிவுரை

கானாவின் குடிவரவு வரலாற்றில் இரு போக்குகள் இணையாகச் செல்கின்றன. நுழைவுரிமை 1979, 2016 எனப் படிப்படியாக விரிந்தது. ஆப்பிரிக்கர் அனைவருக்கும் விசா இல்லை என்னும் அறிவிப்பும் 2025 ஜனவரியில் வந்தது. அதே திங்களில் மாலி, புர்க்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்றும் எக்கோவாசிலிருந்து விலகின. 1969இல் வெளியேறிய மக்களின் தாயகங்கள் சில இவற்றுள் அடங்கும் என்பது எண்ணத்தக்கது. வாழ்வுரிமையோ இன்னும் வமிசாவளியையும் அரசின் அனுமதித் தாளையும் சார்ந்தே நிற்கிறது. 1969இலும் 1983இலும் வெளியேற்றப்பட்டோருள் பெரும்பாலோர் நுழைவதற்குத் தடை எதையும் சந்தித்தவர்கள் அல்லர். பல்லாண்டு வாழ்ந்த பின்னரே தம்மிடம் இல்லாத தாள் ஒன்று கேட்கப்படுவதை அறிந்தனர். ஆகவே ஒரு நாட்டின் விருந்தோம்பலை அளக்க முற்படும் ஆய்வாளர், விசா விதிகளோடு நின்றுவிடாமல், உள்ளே வந்தவர் எத்தனை காலம் உழைத்தால் நம்மவர் ஆவார் என்னும் வினாவுக்கு அந்நாட்டுச் சட்டம் தரும் விடையையும் தேடவேண்டும்.